துடைத்து அனுப்பிய படம்

ஸ்டூடியோக்காரருக்குத் தொழில் போனதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அளவெடுத்துச் சிவப்புக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு அவர் கடையின் நடுவயிற்றில் விழுந்தது. முன்பாதி சாலைக்குப் போயிற்று. பின்பாதியில் இருட்டறையும் கழிப்பறையும் மிச்சம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு யாரை நிற்கவைத்துப் படம் எடுப்பது?

இடிக்க வருவதற்கு முந்தைய வாரம், அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள ஒரு டாக்டரம்மா வந்தார். அவருக்கு முன்னால் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் அவசரப்படவில்லை. தோளைத் தொட்டு லேசாகத் திருப்பினார், தாடையை நிமிர்த்தினார், பிறகு ஏதோ வம்பு பேசுகிறவர் போல, "ஐயா, வீட்டுல உங்களைப் பார்த்து யாருக்குப் பயம்?" என்று கேட்டார். பெரியவர் யோசிக்க ஆரம்பித்தார். யாரும் அகப்படவில்லை போலிருக்கிறது. யோசனையில் இருமல் மறந்தது, அந்த நொடியில் படம் விழுந்தது.

டாக்டரம்மா தன் படத்தை மறந்துவிட்டு, "கடை போன பிறகு என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"மச்சான் பெட்ரோல் பங்குல ஆள் கேக்கறாங்கன்னு சொன்னாரு, டாக்டர்."

"அங்க யாரு வேணும்னாலும் நிப்பாங்க. இருமற ஆளை அசையாம நிறுத்த எனக்கு ஆள் கிடைக்கலை. என்கிட்ட வந்துடுங்க."

இப்படித்தான் அவர் காசநோய் ஒழிப்புத் திட்டத்துக்குள் வந்து விழுந்தார். பல நாடுகள் கூடிப் பணம் போட்டு நடத்துகிற பெரிய திட்டம் அது. அதில் ஊர் ஊராகப் போய் நெஞ்சைப் படமெடுக்கும் எக்ஸ்ரே வண்டி ஒன்று இருந்தது. பயிற்சி கொடுத்தார்கள், தேர்வு வைத்தார்கள், ஈயம் தைத்த கனமான மேலங்கி ஒன்றையும் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வண்டியில் நின்றபோது அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. முதல் படம் திரையில் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

வாழ்நாள் முழுக்க மனிதர்களின் வெளிப்பக்கத்தை எடுத்தவர் அவர். பவுடர், சீப்பு, இரவல் கோட்டு எல்லாம் போட்ட பக்கம். இங்கே ஒரு சுமைதூக்கியின் உள்பக்கம் வந்து நின்றது. விலா எலும்புகள் இரண்டு பக்கமும் ஒழுங்காக இறங்க, நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இதயம். அடுத்து வந்தவர் ஒரு வக்கீல். அவருக்கும் அதே வரிசை, அதே சாய்வு. ஸ்டூடியோக்காரர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இத்தனை வருஷம் மேல்சட்டையைத்தான் படம் எடுத்திருக்கேன், தெரியுமா?" என்றார்.

"என்னையும் அந்த மெஷின்ல எடுத்துடாதீங்க. உள்ள என்ன நினைக்கறேன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க," என்றாள் அவள்.

வண்டியில் கூட வேலை பார்த்தவர்களைப் பார்த்தும் அவருக்கு வியப்புத்தான். சளியைச் சோதிக்கும் அம்மா முன்பு பால் பண்ணையில் பாலைச் சோதித்தவர். எல்லோருக்கும் அவர் பாலம்மா. மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காணாமல் போகிறவர்களைக் கண்டுபிடிக்கும் மனிதர் முன்பு வங்கிக்காகக் கடன் தவணை வசூலிக்க அலைந்தவர். ஒரு காலத்தில் அவர் தலையைக் கண்டாலே தெருவே கதவைச் சாத்துமாம். இப்போதும் பெயர் வசூல்தான். வசூலிப்பது மட்டும் நோயாளிகளை. படித்த படிப்புக்கு உரிய வேலையைச் செய்தவர் அந்தக் கூட்டத்திலேயே டாக்டரம்மா ஒருவர்தான். அதையும் அவரே சொல்லிக் கேலி செய்துகொள்வார்.

"நோயைப் படிச்சவங்க இந்தத் திட்டத்துல ஏகப்பட்ட பேரு. ஆளைப் படிச்சவங்கதான் பஞ்சம்," என்பார். அவர் ஆள் பிடிக்கும் விதம் அது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வண்டி போனது. வரிசையில் ஒரு பெண் நின்றாள். கட்டடம் கட்டுகிறவர்களின் சின்னக் குழந்தைகளைத் தகரக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் கொட்டகை அக்கா. "சீக்கிரம் முடிங்கண்ணே, பசங்க தூங்கி எழுந்துடுவாங்க," என்றாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், பிடித்தாள். படம் வந்தது. வலப்பக்க நுரையீரலின் மேல்மூலையில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், பனி படிந்தாற்போல ஒரு வெள்ளை.

ஸ்டூடியோக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஃபிலிம் காலத்திலிருந்து அவருக்குத் தெரிந்த எதிரி அது. எங்கோ வெளிச்சம் கசிந்தால் படத்தில் பனி விழும். எடுத்தவன் கத்துக்குட்டி என்று அர்த்தம். தான்தான் ஏதோ கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்தார். மறுபடி எடுக்கலாமென்றால் காரணமில்லாமல் ஓர் ஆளை இரண்டு முறை கதிருக்கு முன்னால் நிறுத்தக்கூடாது என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அதை மறக்கவில்லை. அதே பயிற்சியில், திரையின் ஓரத்திலிருக்கும் பொத்தான்களைத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அது வெளிச்சம் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வெளிச்சத்தைக் குறைத்தார், கறுப்பை ஏற்றினார், அந்த மூலையைக் கொஞ்சம் மென்மையாக்கினார். ஸ்டூடியோ பாஷையில் அதற்கு டச்சிங் என்று பெயர். எத்தனை கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பை அவர் இப்படி ஆற்றியிருக்கிறார்! பனி போயிற்று. படம் கண்ணாடியாக நின்றது. அனுப்பிவிட்டார்.

கொட்டகை அக்காவின் கைபேசிக்கு, நெஞ்சில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று செய்தி போயிற்று. படத்தைப் பார்த்துச் சொன்னவர் டாக்டரம்மா. அவர் என்ன செய்வார், கைக்கு வந்த படம் அது.

அதற்கடுத்த மாதம் பல நாட்டுக் கூட்டம் ஒன்று வந்தது. அலுவலக அறையின் நீள மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் உட்கார்ந்தார்கள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே காலை, இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. இதற்கு முன்னால் என்ன தொழில் செய்தீர்கள், அதிலிருந்து இந்த வேலைக்கு எதைக் கொண்டுவந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். டாக்டரம்மா இங்குமங்கும் மொழிபெயர்த்தார்.

நாடக மேடைக்கு விளக்குப் போட்டவர் ஒருவர் இருந்தார். எந்த மூலையில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரி ஒன்றைக் காட்ட அங்கேதான் கற்றேன் என்றார். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த ஒரு பெண், எண் இல்லாத வீடுகளை நான் கண்டுபிடிப்பேன் என்றாள். ஒரு கப்பல் சமையல்காரர், ஒரு கணக்கு வாத்தியார், சுரங்கத்தில் காற்று அளந்த ஒருவர். ஸ்டூடியோக்காரர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைத் துரத்த உலகத்தின் கடைவீதி முழுவதும் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று வியந்தார். இவர்களில் நானும் ஒருவன் என்று நினைக்கவே பெருமை பிடிபடவில்லை.

அவர் முறை வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வணக்கம். நான் ஸ்டூடியோ வச்சிருந்தேன். ஆளை அசையாம நிறுத்தறது என் தொழில். அப்புறம், படம் மங்கலா வந்தா அதைச் சுத்தம் பண்ணத் தெரியும். போன மாசம் கூட ஒரு அம்மா படத்துல மேல்மூலையில பனி மாதிரி விழுந்திருந்துச்சு. அப்படியே அனுப்பினா டாக்டரம்மாவுக்குப் பார்க்கச் சிரமம். நான் டச்சிங் பண்ணி, பளிச்சுன்னு ஆக்கி அனுப்பினேன்."

டாக்டரம்மா மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். திரையிலிருந்த முகங்கள் மீதிப் பாதிக்காகச் சிரித்தபடி காத்திருந்தன.

"எந்தப் படம்?" என்றார் டாக்டரம்மா, மிக மெதுவாக.

"அந்தக் கொட்டகை அக்கா..."

"எந்த மூலை?"

ஸ்டூடியோக்காரர் தன் நெஞ்சிலேயே தொட்டுக் காட்டினார். தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தவுடன் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நல்லவேளை, அந்த யந்திரம் முதல் படத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். டாக்டரம்மா அதைத் திறந்தார். வெள்ளை அங்கேயே இருந்தது. "இது பனி இல்லை ஸ்டூடியோ. இது நோய்," என்றார்.

பாலம்மா, "கடவுளே, குழந்தைங்களோட இருக்கற பொண்ணாச்சே," என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மாதமாகக் கொட்டகையில் அத்தனை குழந்தைகளும் அவள் விட்ட மூச்சைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன நடந்தது என்று டாக்டரம்மா திரையில் இருந்தவர்களிடமும் மறைக்காமல் சொன்னார். பிறகு எங்கோ இருட்டு ஜன்னலுக்கு முன்னால் இருந்த ஒரு கனத்த மனிதர் பேசினார். ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவராம். வந்த புதிதில், குளிர் கூடினால் நல்லதுதானே என்று ஒரு வட்டாரத்துக்கு வந்த தடுப்பு மருந்தையெல்லாம் உறையவைத்துக் கெடுத்துவிட்டாராம். "எங்க தொழில்ல எது நல்லதோ, அது இங்க கெடுதலா இருக்கலாம். உங்க ஆளை உட்கார வைக்காதீங்க, தேட அனுப்புங்க," என்று அவர் சொன்னதை டாக்டரம்மா தமிழில் சொன்னார்.

"டாக்டர், என் வேலை..." என்று ஆரம்பித்தார் ஸ்டூடியோக்காரர்.

"அதை அப்புறம் பேசலாம். எனக்கும் இதுல பங்கு இருக்கு. உங்க பழைய தொழில்ல எது வேணும்னு பார்த்துக் கூட்டிட்டு வந்தேன். எதை மறக்கணும்னு உட்கார வச்சுச் சொல்லலை. இப்ப முதல்ல அவங்களைக் கண்டுபிடிங்க."

வசூலைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோக்காரர் போனபோது, அந்தக் கட்டடம் முடிந்து கண்ணாடி மாட்டியிருந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் புல் பதித்திருந்தது. காவலாளி கையை விரித்தார். அவள் தந்த எண்ணைக் கூப்பிட்டால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சந்தோஷமாகச் சொன்னது. ஸ்டூடியோக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வசூல் மட்டும் நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாருக்கோ கல்யாணம் பேசப் போகிறவர் போல நிதானமாக இருந்தார்.

"ஆளைத் தேடக்கூடாதுய்யா. ஆளு இடம் மாறுவான், பேரு மாத்துவான். அவன் எது இல்லாம இருக்க முடியாதோ அதைத் தேடணும்."

"கொட்டகை அக்காவுக்கு என்ன?"

"குழந்தைங்க. குழந்தைங்களுக்கு அம்மா. அம்மாவுக்கு வேலை. வேலைக்குக் கலவை மெஷின். அது எங்க சுத்துதோ அங்க இவங்க இருப்பாங்க." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "மெஷினை வாடகைக்கு விடறவன் எனக்குப் பழக்கம். அந்தக் காலத்துல என்னைக் கண்டா கட்டிலுக்கு அடியில ஒளிவான்."

கலவை யந்திரக்காரர் வசூலைக் கண்டதும் பழைய வழக்கப்படி ஒரு நொடி கட்டிலைப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் தானே வண்டியில் ஏறிக்கொண்டு வழி காட்டினார். ஊருக்கு வெளியே, பாதி எழும்பிய ஒரு கிடங்கின் ஓரம், அதே தகரக் கொட்டகை. வாசலில் அவள், இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. இளைத்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் வண்டியை விட்டு இறங்கும்போதே இருமல் கேட்டது.

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், படத்தில் வெள்ளையாக இருந்ததையும் தான் அதைத் துடைத்ததையும் சொன்னார். அவள் இடுப்பிலிருந்த குழந்தையை மெல்ல இறக்கி, வசூலின் பக்கம் தள்ளிவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பத்தடி பின்னால் போனாள்.

"இருமல் விடலையேன்னு நினைக்கும்போதெல்லாம் அந்த மெசேஜை எடுத்துப் பார்ப்பேன். ஒண்ணுமில்லைன்னு நீங்க சொல்லியிருக்கீங்களே, அப்புறம் எதுக்குப் பயம்னு பிள்ளைங்களைத் தூக்கிக் கொஞ்சுவேன்." கண்ணீர் கொட்டியது. "எனக்கு என்ன வேணும்னாலும் வரட்டும்ணே. இதுங்களுக்கு?"

"மருந்து இருக்கும்மா. உனக்கும் இருக்கு. தொடர்ந்து சாப்பிட்டா சரியாயிடும். பிள்ளைங்களையெல்லாம் உடனே பார்க்கணும். அம்மாக்கள்கிட்ட நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஓடிப் போயிடுவாங்க. நான் சொல்றேன்."

சாயங்காலம் வேலை முடிந்து, சிமெண்ட் படிந்த கைகளோடு தாய்மார்கள் வந்தபோது அவள் ஒரு செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்றுகொண்டாள். எனக்குக் காசநோய் இருக்கிறது, உங்கள் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கலாம், நாளைக்கு வண்டி வரும், ஒருத்தரும் வேலைக்குப் போகாமல் பிள்ளையைக் கொண்டுவந்து நிற்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துடைத்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு கொத்தனாரின் மனைவி, தன் சின்னப் பெண்ணை வெடுக்கென்று அள்ளிக்கொண்டு, வாயில் வந்தபடியெல்லாம் ஏசினாள். செங்கல் மேல் நின்றவள் அசையவில்லை. பிழைப்பு போகிறது, பெயர் போகிறது, தெரிந்தேதான் நின்றாள். ஸ்டூடியோக்காரர் எத்தனையோ பெரிய மனிதர்களை நிமிர்ந்து நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார். அப்படி ஒருவர் தானாக நின்று அவர் பார்த்ததில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

வீட்டில் நடந்ததைச் சொன்னவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மனைவி தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு உங்களைக் காப்பாத்திட்டான்னு நிம்மதியா இருக்கா?" என்று கேட்டாள். எக்ஸ்ரே யந்திரம் இல்லாமலே உள்ளே பார்க்கிறவள் அவள்.

மறுநாள் காலை வண்டி போய் நின்றது. ஏசியவள் உட்பட எல்லோரும் வந்திருந்தார்கள். குழந்தைகளைப் படமெடுப்பது தனிக்கலை. தாய்க்கு ஈய அங்கி மாட்டி, அவள் பிடித்துக்கொள்ள, அழுகிற குழந்தை மூச்சை உள்ளே இழுக்கிற கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் நாய் மாதிரி குரைத்தார், பூனை மாதிரி கத்தினார், டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கித் தலைகீழாக மாட்டிக்கொண்டார். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உள்ளங்கையில் அடங்கிவிடும் நெஞ்சுகள். துடைப்பக் குச்சியை விட மெல்லிய விலா எலும்புகள். இவ்வளவு சின்ன இடத்துக்குள் எல்லாம் வரிசை பிசகாமல் வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு படத்தையும் பயந்துகொண்டே பார்த்தார். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததும்.

கொத்தனார் மனைவியின் பெண் வந்தாள். அவள் அழவே இல்லை. அவர் குரைத்ததற்குப் பதில் குரைத்தாள். படம் திரையில் ஏறியது. இதயத்தை ஒட்டி, ஒரு பக்கம், வெள்ளை.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு பொத்தானைத் தொட்டார், அனுப்பும் பொத்தானை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தாயிடம் தாழ்ந்த குரலில், தொற்று இருப்பது போலத்தான் தெரிகிறது, பாலம்மா இன்னொரு சோதனை செய்வார், மருந்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், பிழைத்துக்கொள்வாள் என்றார்.

தாய் ஒரு நிமிஷம் திரையையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அடக்கியது வெடித்தது. வண்டியின் கதவருகே போய், தூரத்தில் முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த கொட்டகை அக்காவைக் கை நீட்டிக் கத்தினாள்.

"பாவி! தெரிஞ்சுகிட்டே என் பிள்ளையைத் தூக்கி வச்சிருந்தியா? உன்னாலதான்டி!"

கொட்டகை அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு இதைப் பேசக்கூடாது என்று தோன்றியது.

"அவங்களுக்குத் தெரியாதும்மா. அவங்க அன்னைக்கே வந்து படம் எடுத்துகிட்டாங்க. அதுல நோய் தெரிஞ்சுச்சு. படம் அழகா இல்லைன்னு அதை அழிச்சவன் நான். அவங்களால இல்லை, என்னால."

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். வசூல் அவசரமாக எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அடி விழும் இடங்கள் அவருக்கு நன்றாகத் தெரியும். தாய் ஸ்டூடியோக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கையில் சிமெண்ட் வெடிப்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

"இந்தப் படத்தையும் அழிச்சியா?" என்றாள்.

"இல்லம்மா. உள்ளது உள்ளபடி இருக்கு."

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். கை தானாக இறங்கி, பிள்ளையின் முதுகில் போய் நின்றது.

"மருந்து எங்க தர்றாங்க?" என்று கேட்டாள்.